கொல்லையும் தணலும்: நம் ஊரின் எழுதாத சரித்திரம்



மலர்க்குழுவினர் போனில் கூப்பிட்டு, "சார், ஊரைப் பத்தி ஒரு சரித்திரக் கட்டுரை வேணும்" என்றார்கள். மலைக்கோட்டையா, பூட்டா என்று கேட்டேன். "அதெல்லாம் போன மலர்லயே வந்துருச்சு சார், புதுசா ஏதாச்சும்" என்று பதில் வந்தது. புதுசுக்கு நான் எங்கே போவேன்? நம் நால்வர் அணி சாப்பிட்டுத் தீர்த்த பண்டங்களும், அவை முளைத்த கொல்லைகளும்தான் நினைவுக்கு வந்தன. பிரியாணியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. கொல்லைப்புறத்துப் பூசணிக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே இந்த முறை கோட்டையிலிருந்து இறங்கி, வீடுகளின் பின்வாசல் வழியாக ஊருக்குள் போகலாம் என்று துணிந்தேன்.

நால்வர் என்றேன். ஒருவன் பேகம்பூர், ஒருவன் மரியநாதபுரம், ஒருவன் சிறுமலை, நான்காவது அடியேன். நாங்கள் படித்தது 1971 முதல் 1974 வரை. பெயர்கள் வேண்டாம், எங்கள் வகுப்புக்காரர்களுக்கு யார் யாரென்று தெரியும்.

மேலே தீ, கீழே தீ

திண்டுக்கல் கோட்டையை 1605இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கினார் என்பதும், 1755இல் ஹைதர் அலி இங்கே பவுஜ்தாராக வந்தார் என்பதும், 1792 உடன்படிக்கையில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது என்பதும் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம் பேகம்பூர் ஆயிற்று. அந்தப் பேகம்பூரில்தான் முதல்முறையாகத் தம்ரூட் சாப்பிட்டேன்.

நண்பனின் அம்மா செய்யும் முறையை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொல்லையில் விளைந்த வெண்பூசணியைத் துருவி, நீரைப் பிழிந்து, பாலில் வேகவிடுவார்கள். வறுத்த ரவை, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிண்டி, கனமான பாத்திரத்தில் கொட்டிச் சமன்படுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் வித்தை. அடுப்பில் எரியும் தீயை அடக்கித் தணலாக்கி, அதன்மேல் பாத்திரத்தை வைத்து, மூடியின் மேலேயும் தணலைப் பரப்புவார்கள். மேல்பக்கம் பொன்னிறமாக வர வேண்டும். அடி பிடிக்கவும் கூடாது. கெடிகாரம் பார்ப்பதில்லை. வாசம் மாறியதும், "போதும், எறக்குங்க" என்பார்கள். 'தம்' என்ற பாரசீகச் சொல்லுக்கு மூச்சு என்று பொருள். பாத்திரத்துக்குள் பண்டம் தன் மூச்சிலேயே வேகிறது.

மரியநாதபுரத்து நண்பன் வீட்டில் இதே வேலை வேறு வேடத்தில் நடந்தது. இரும்புச் சட்டியில் ஆற்று மணலைக் கொட்டிச் சூடாக்கி, நடுவில் கேக் கலவை உள்ள பாத்திரத்தை வைத்து மூடி, மூடிமேல் தணல் போடுவார்கள். மின்சார அடுப்பு என்ற பேச்சே கிடையாது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் சட்டி போதாது. மாவையும் முட்டையையும் தூக்கிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போவோம். அங்கே செங்கல் சூளை போன்ற பெரிய அடுப்பு. உள்ளேயே விறகை எரித்து, செங்கல் நன்றாகக் காய்ந்ததும் சாம்பலை வழித்து எடுத்துவிட்டு, நீளக் கம்பு பிடித்த பலகையால் ரொட்டிகளை உள்ளே தள்ளுவார்கள். ரொட்டி வெந்து முடிந்து சூடு தணிந்து வரும் நேரம்தான் கேக்குக்கு உகந்த நேரம். ஆகவே எங்கள் முறை நள்ளிரவுக்கு மேல்தான் வரும். மாவு மூட்டையில் சாய்ந்தபடி நால்வரும் காத்திருப்போம்.

இந்தக் கேக் எப்படி நம் பக்கம் வந்தது? தென்னிந்தியாவில் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் செய்தார் என்று சொல்வார்கள். நம் பக்கத்தில் அதற்கும் முன்பே, 1834இல், அமெரிக்க மிஷன் மதுரையில் தொடங்கியிருந்தது. அந்தப் பாதிரிமார்கள் வெயிலுக்குப் பயந்து முதலில் சிறுமலைக்குத்தான் போனார்கள். அங்கே காய்ச்சல் விடவில்லை. அதனால் பழனி மலைக்கு மாறி, 1845இல் கோடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். கொசு மட்டும் இல்லாதிருந்தால் ஏரியும் படகும் நம் சிறுமலையில் இருந்திருக்கும் என்று எங்கள் மலை நண்பன் அடிக்கடி பெருமூச்சு விடுவான்.

மலைப்பழமும் ஒரு கன்றும்

சிறுமலை இன்று 18 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும் மலை. அன்று மலைத்தோட்டத்துப் பாரத்தைக் குதிரைகள்தான் சுமந்தன. பழம் டவுனுக்கு வந்து சேரும் இடம் சிறுமலை செட். தோல் கருத்துச் சுருங்கினாலும் உள்ளே அழுகாத பழம் அது. ஈரம் குறைவு, மணம் அதிகம். அதன் உறவான விருப்பாச்சிப் பழம்தான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிர். கனிந்துபோய் விலை போகாத பழங்களை நண்பன் பையில் போட்டுக் கொண்டுவருவான். அதைப் பிசைந்து கேக் மாவில் சேர்த்தால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். மரியநாதபுரத்துக் கேக்கின் ரகசியம் அதுதான்.

1972 கோடையில் அவன் தோட்டத்திலிருந்து எனக்கு ஒரு வாழைக்கன்று கொடுத்தான். "கீழ வச்சா காய்க்காது தம்பி, மலைக்காத்து வேணும்" என்று அவன் அப்பா சிரித்தார். இருந்தாலும் பாத்திரம் கழுவும் தண்ணீர் பாயும் இடமாகப் பார்த்து எங்கள் கொல்லையில் வைத்தேன். பக்கத்து வீட்டுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தீபாவளிக்கு முன்னால் பார்த்தால் இலைகள் விரியவில்லை. குட்டையாக, ஓரம் மஞ்சளித்து, நுனியில் கொத்தாக நிமிர்ந்து நின்றன. நான் உரம் போதவில்லை என்று நினைத்தேன். நண்பன் வந்து பார்த்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "புடுங்கிரு மாப்ளே. எங்க தோட்டத்துலயும் இப்படித்தான் நிக்குது" என்றான்.

அதுதான் முடிக்கொத்து நோய். 1889இலேயே பிஜித் தீவில் கண்ட வியாதி; இலங்கை வழியாக 1940 வாக்கில் திருவாங்கூருக்கு வந்தது. வாழை அசுவினி என்ற சின்னஞ்சிறு பூச்சி ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு வைரஸைக் கொண்டுபோகும். ஆனால் மலை தாண்டி, கடல் தாண்டி அதைக் கொண்டுபோவது பூச்சியல்ல, மனிதர்கள். நோய் கண்ட தாய்மரத்தின் கன்றைப் பிரியத்தோடு பெயர்த்து, ஈரச்சாக்கில் சுற்றி, "வச்சுக்க" என்று கொடுக்கிறோமே, அந்தக் கை. தாய்மரம் வெளிக்குத் திடமாக நிற்கும்போதே கன்றுக்குள் வியாதி இருக்கலாம். கன்று கொடுத்து உறவு வளர்த்த ஊர்களில் அந்த உறவின் வழியாகவே நோயும் நடந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, நான் குடுத்த கன்னைப் புடுங்கி எரிக்கணும்" என்று சொன்ன அந்தச் சாயங்காலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

1970களில் இந்த நோய் கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் மலைவாழையைத் துடைத்துப் போட்டது. சுமார் 18,000 ஹெக்டேர் இருந்த பரப்பு 2,000க்குச் சுருங்கியது என்பது பின்னால் வெளிவந்த கணக்கு. அந்தக் கணக்குக்குள் நண்பன் வீட்டுத் தோட்டமும் ஒன்று. மூன்றாம் வருடம் அவன் கல்லூரிக்கு வரவில்லை. 1973 கிறிஸ்துமஸ் ராத்திரி ரொட்டிக்கடை வாசலுக்கு மட்டும் வந்தான். தோளில் ஒரு கட்டு காப்பி விறகு. "பழம் இல்ல மாப்ளே. அடுப்புக்காச்சும் ஆகட்டும்னு கொண்டாந்தேன்" என்றான். அந்த வருடக் கேக்கில் சர்க்கரை கூடிப்போயிற்று. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கிணறு உப்பான கதை

பேகம்பூர்க் கொல்லையின் கதை வேறு. பூசணி அதிகத் தண்ணீர் கேட்காது. ஆனால் கேட்கும் கொஞ்சம் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். நம் ஊரில் தோல்ஷாப்புகள் பெருகப் பெருக, கழிவுநீர் இறங்கிய திசையெல்லாம் கிணறுகள் உப்பாயின. கொடியில் பூ வரும், பிஞ்சு நிற்காது. இதில் எங்களுக்குள் பேச முடியாத ஒரு சங்கடமும் இருந்தது. நண்பனின் அத்தா வேலை பார்த்ததே ஒரு தோல்ஷாப்பில்தான். அந்தச் சம்பளத்தில்தான் அவன் படித்தான். கிணற்றைக் கெடுத்ததும் சோறு போட்டதும் ஒரே தொழில் என்றால் யார் யாரைக் குறை சொல்வது?

பேச வேண்டியதைக் கடைசியில் உச்ச நீதிமன்றம் பேசியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்றது. அதில் நம் ஊரும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் எடுத்த கணக்கில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. சட்டம் படித்த நம் நண்பர்கள் அதை நூறு தடவை மேற்கோள் காட்டியிருப்பார்கள். எனக்கு அந்த 350 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் பிஞ்சு நிற்காத ஒரு பூசணிக்கொடிதான் கண்ணில் நிற்கும்.

மிச்சம் இருப்பவை

எல்லாம் போயிற்று என்று முடிக்க எனக்கு விருப்பமில்லை. அது உண்மையும் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் திசு வளர்ப்பு முறையில் நோயில்லாத மலைவாழைக் கன்றுகளை உருவாக்கினார்கள். விருப்பாச்சி, சிறுமலை வாழைகளுக்கு 2008-09இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கும் பூட்டுக்கும் 2019இல்தான் கிடைத்தது, பழம் முந்திக்கொண்டது. தம்ரூட்டுக்கும் மணல்சட்டிக் கேக்குக்கும் எந்தக் குறியீடும் இல்லை. அவை கை பார்த்துக் கை கற்ற வித்தை. வாசம் மாறும் அந்த நிமிடத்தை எழுதிவைக்க முடியாது. அந்த அம்மாவும் இன்று இல்லை.

ஆகவே சந்திப்புக்கு வரும் நண்பர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, கொல்லையோ மாடித் தொட்டியோ வைத்திருப்பவர்கள் பூசணி, அவரை, பீர்க்கு விதைகளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவாருங்கள், மாற்றிக்கொள்வோம். இரண்டாவது, வாழைக்கன்று மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். வேண்டுமென்றால் திசு வளர்ப்புக் கன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். பிரியம் இருந்தால் போதாது, கன்றும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது நாங்கள் விலை கொடுத்துப் படித்த பாடம். மூன்றாவது, உங்கள் வீட்டில் மூடிமேல் தணல் போடத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள். இரும்புச் சட்டியும் மணலும் என் பொறுப்பு.

விறகு சிறுமலையிலிருந்து வருகிறது. போனவாரம் பேசினேன், "கொண்டாறேன் மாப்ளே, இந்தத் தடவ பழமும் இருக்கு" என்றான்.