கல் பங்களா: சுவரில் எழுதாத பெயர்கள்



உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் ஒரு பழைய கல் வீடு நிற்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய வீடு அது. உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு. ஆங்கிலேயர் அதை ‘ஸ்டோன் ஹவுஸ்’ என்றனர். மலைமக்கள் ‘கல் பங்களா’ என்றனர்.

அந்த மலையில் வீடு கட்டும் கலை சல்லிவனோடு தொடங்கவில்லை. தோடர்களின் வீட்டைப் பாருங்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த கூரை, பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்ததுபோல் தரைவரை இறங்கும். தவழ்ந்துதான் நுழைய முடியும். வாசல் அவ்வளவு சிறியது. குளிரையும் காற்றையும் காட்டு விலங்கையும் அறிந்தவர்கள் கட்டிய வீடு. அவர்களின் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். உதகமண்டலம் என்ற ஊர்ப்பெயருக்குள்ளும் அந்த மந்துதான் இருக்கிறது.

தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் கணக்கில் சல்லிவன் நிலம் வாங்கினார் என்று வரலாறு சொல்கிறது. எருமை மேய்ந்த புல்வெளிக்கு விலை வந்தது அப்படித்தான். நிலத்தின் உரிமை தோடர்களுக்கே என்று பின்னாளில் அரசிடம் வாதாடியவரும் அதே சல்லிவன்தான். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பெனி அரசு அந்த வாதத்தை முழுமையாக ஏற்கவில்லை.

வீடு எழுவதற்கு முன் மலையேறப் பாதை வேண்டியிருந்தது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் போட்ட அந்தப் பாதையில் சிறைக் கைதிகளின் உழைப்பு கலந்திருக்கிறது. பாதைக்குச் சல்லிவன் பெயர். வீட்டுக்கும் அவர் பெயர். பாறையை உடைத்த கை, கல்லைச் சுமந்த தோள், சுண்ணாம்பு குழைத்த பெண் ஆகியோர் உதகையின் கதையில் வருவதே இல்லை.

ஆகவே அந்த வீட்டை இடிக்கச் சொல்கிறோமா? இல்லை. காக்க வேண்டும் என்கிறோம். பருத்த சுவரையும் பழைய சன்னலையும் காப்பது பாதி வேலை. அது நிற்கும் நிலத்தின் கதையையும் அதை எழுப்பிய உழைப்பின் கதையையும் அங்கேயே எழுதி வைப்பது மீதி வேலை.

1955இல் அங்கே கல்லூரி வந்தது. கலெக்டரின் வீடு கல்லூரியின் கட்டடம் ஆனது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள் அந்த வாசலில் தலைநிமிர்ந்து நுழைகிறாளே, அந்தக் கட்டடத்தின் பெரிய பாரம்பரிய மதிப்பு அதுதான். விடுபட்ட வரலாற்றை எழுதும் உரிமையும் அவளுக்கே உண்டு.