அக்காவின் அலகும் தம்பியின் உழவாரமும்

திருவாமூரில் ஒரே வீட்டில் அடுத்தடுத்து மூன்று சாவு. தந்தை புகழனார் நோயில் போனார். தாய் மாதினியார் அவரோடு உயிர்விட்டார். மூத்தவள் திலகவதிக்குப் பேசி முடித்திருந்த கலிப்பகையார், அரசன் ஆணைப்படி போருக்குப் போனவர், திரும்பவில்லை. எஞ்சியவர்கள் அக்காவும் தம்பி மருள்நீக்கியாரும். இழப்பு இருவருக்கும் பொதுதான். அதை அவர்கள் சுமந்த விதத்தைப் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

திலகவதியார் முதலில் சாகத்தான் துணிந்தார். நீங்கள் போனால் உங்களுக்கு முன்னால் நான் போவேன் என்று தம்பி காலில் விழுந்து அழுததால் நின்றுவிட்டார். அவருடைய தொண்டு அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம். தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டார், கோயில் பிறகுதான் வருகிறது.

தம்பிக்கு அதே துயரம் கேள்வியாக மாறியது. வளர்ந்ததும் அறச்சாலை வைத்தார், தண்ணீர்ப் பந்தல் போட்டார், குளம் தோண்டினார், சோலை வளர்த்தார். பொருள் இருந்தவர், கொடுத்தார். அதில் மனம் நிறையவில்லை. நிலையாமைக்கு விடை தேடிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிக்குப் போய், தருமசேனர் என்ற பெயரோடு பெருமதிப்பும் பெற்றார். (நாம் படிப்பது சைவர் எழுதிய வரலாறு. பள்ளியின் தரப்பைக் கேட்க வழியில்லை. அந்தத் துறவிகளின் நோன்பும் லேசானதல்ல.)

அவர் அங்கே வாதம் வென்றுகொண்டிருந்த காலத்தில், கெடிலக்கரையில் திருவதிகை வீரட்டானத்தில் அக்கா விடியுமுன் எழுந்து திருவலகால் கூட்டினார், சாணமிட்டு மெழுகினார், பூப்பறித்து மாலை தொடுத்தார். தத்துவம் எதையும் அவர் பேசியதாகக் கதையில் இல்லை. கேட்ட வரமும் ஒன்றே: தம்பி திரும்பி வரவேண்டும்.

பிறகு தம்பிக்குச் சூலை. வயிற்றைக் குடைந்த அந்த வலி பள்ளியின் மந்திரங்களுக்குக் கட்டுப்படவில்லை. சமையற்காரரை அனுப்பி அக்காவை அழைத்தார். பள்ளிக்குள் வரமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். பாசம் உள்ளவர் இப்படி மறுப்பாரா என்று சிலருக்கு உறுத்தும். ஆனால் அவர் போயிருந்தால் தம்பி இருந்த இடத்திலேயே இருந்திருப்பார். தம்பியே பாயையும் மயிற்பீலியையும் விட்டு, வெள்ளைத் துணி உடுத்து, இருட்டில் நடந்து வந்து காலில் விழுந்தார். திருநீறு கொடுத்த அக்கா அவரை அழைத்துப்போன வேளையைக் கவனிக்க வேண்டும்: அலகும் சாணமும் தண்ணீர்க்குடமுமாகத் தன் அன்றாட வேலைக்குக் கிளம்பிய வேளை. தம்பிக்காகத் தனியாக ஒரு சடங்கும் நடக்கவில்லை. வேலைக்குப் போனவர் கூடவே கூட்டிப்போனார். அங்கே முதல் பதிகம் பிறந்தது, வலி தீர்ந்தது, நாவுக்கரசர் என்ற பெயரும் வந்தது.

சுண்ணாம்பு நீற்றறை, நஞ்சு, யானை, கடலில் கல் எல்லாம் ஊரறிந்த கதைகள். எனக்கு அவற்றைவிட, இத்தனை புகழுக்குப் பிறகும் அவர் கையில் உழவாரம் இருந்ததுதான் பெரிதாகப் படுகிறது. பிரகாரத்துப் புல்லைச் செதுக்கும் கருவி அது. பட்டத்தையும் புலமையையும் பள்ளி தந்தது. குனிந்து தரையைத் துப்புரவாக்கும் வேலையை அவர் முதலில் பார்த்தது அக்காவிடமாகத்தான் இருக்கும். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, கையால் தொண்டு செய்ததால் இவருக்கு வட்டமில்லாத முழுக்காசு கிடைத்தது, உடனிருந்த சம்பந்தருக்கு வட்டம் பிடிக்கும் காசு வந்தது என்கிறது பெரியபுராணம். புகலூரில் உழவாரம் பட்ட இடத்தில் பொன்னும் மணியும் வெளிப்பட்டபோது, கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார்.

அக்கா வழியே உயர்ந்தது என்று சொல்லிவிட மாட்டேன். அலைந்து, தவித்து, வலித்து வந்ததால் தம்பி பாடினார். நமக்குத் தேவாரம் கிடைத்தது. அக்கா பாடியதாக ஒரு பாட்டும் இல்லை. அறுபத்துமூவரிலும் அவர் இல்லை. தம் பெற்றோரை அடியார் பட்டியலான திருத்தொண்டத்தொகையில் சேர்த்த சுந்தரர் இவரைச் சேர்க்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் அந்தத் தொகையைப் பெரியபுராணமாக விரித்து எழுதிய சேக்கிழார் அதில் புதிதாக ஒரு பெயரைக் கூட்டவில்லை. திலகவதியாரின் துணிவையும் வேண்டுதலையும் மறுப்பையும் தம்பியின் புராணத்துக்குள்ளேயே இடம்கொடுத்து எழுதி வைத்தார்.