மூன்று பட்டியலிலிருந்து ஒரே பட்டியல் வரை

நம் ஊர் உள்ளாட்சித் தேர்தலில் யாருக்கு ஓட்டு உண்டு? சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. இன்றைய பதில் சுலபம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், இங்கே வசிக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஆனால் இந்தப் பதில் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

1880இல் பிரெஞ்சு அரசு இங்கே கொம்யூன்களை அமைத்தது. நமது திருமலைராயன்பட்டினத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிராந்த் அல்தே'. வாஞ்சூரைத் தாண்டி ஆங்கிலேயர் ஆண்ட நாகப்பட்டினத்தில், வரி கட்டுவோருக்கே நகராட்சி ஓட்டு. இங்கே அப்படியில்லை. சொத்தோ படிப்போ இல்லாத ஆண்களுக்கும் ஓட்டு உண்டு. பெண்களுக்கு இல்லை.

ஆனால் அந்த ஓட்டுகள் சமமாக இல்லை. 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். ஐரோப்பியர் ஒன்று, நம் வழக்கச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' மக்கள் ஒன்று, மற்ற இந்தியர் எல்லோரும் ஒன்று. ஒவ்வொரு பட்டியலும் தன் பங்கு உறுப்பினர்களைத் தனியே தேர்ந்தெடுத்தது. ஐரோப்பியர் மிகச் சிலர் என்பதால், அவர்களில் ஒருவரின் ஓட்டுக்கு நம்மவர் பலரின் ஓட்டு ஈடாகவில்லை. 1899இல் மூன்று பட்டியல் இரண்டானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் ஒரே பட்டியல் வந்தது, பெண்களும் ஓட்டுப் போட்டார்கள்.

அந்த ஓட்டின் பலனை 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பார்த்தோம். புதுச்சேரி, காரைக்காலின் சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்கள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். ஊர் மன்றத்துக்கு நாம் அனுப்பியவர்கள் நாட்டையே முடிவு செய்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் வருத்தம். 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின், 38 ஆண்டுகள் கழித்து, நீதிமன்ற உத்தரவின் பேரில் 2006இல்தான் அடுத்தது நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி அறிவித்தும், இடஒதுக்கீட்டு வழக்கால் தேர்தல் நின்றுபோனது. 1989இல் ஓட்டு வயது 21லிருந்து 18 ஆனது. ஆனால் அன்று 18 வயதான பிள்ளைகள், 35 வயதை நெருங்கிய பிறகே உள்ளாட்சிக்கு முதல் ஓட்டுப் போட்டார்கள்.

முப்பது வருடம் வங்கியில் இருந்தவனுக்குத் தோன்றும் கணக்கு இது: பாஸ்புக்கில் இருப்பு காட்டுகிறது, பணம் எடுக்க கவுண்டர்தான் திறக்கவில்லை. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை என்றால் கவுன்சிலர் வீட்டுக்குப் போக முடியாமல் அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கிறோம்.

கவுண்டர் திறக்கும் நாளில் புத்தகம் நம் கையில் இருக்க வேண்டும். நிரவி–திருமலைராயன்பட்டினம் தொகுதிப் பட்டியலில் வீட்டார் எல்லோரின் பெயரும் உள்ளதா எனப் பாருங்கள். 18 நிறைந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6 கொடுங்கள். தேர்தலை நடத்தச் சொல்லி மனுக் கொடுக்கும் விஷயத்தை அடுத்த பொதுக்குழுவில் பேசுவோம்.