பொசுபசன் என்பது எது?

கொம்பனித்தெருவின் பெயரில் இருக்கும் 'கொம்பனி' ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட சொல். தமிழ்நாட்டில் அதே சொல் கும்பினியாகி, பிறகு கம்பெனியாயிற்று. நாங்கள் கொம்பனியிலேயே நின்றுவிட்டோம். விஞ்ஞானச் சொற்களிலும் கதை இதுதான். அங்கே பாஸ்பேட், இங்கே பொசுபேற்று. அங்கே ஹைட்ரஜன், இங்கே ஐதரசன். கிரந்த எழுத்தை இயன்றவரை ஒதுக்கி எழுதிய பாடநூல்களில் படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியாது. அந்த முறைப்படி 'பொசுபசன்' என்று எழுத வேண்டிய ஒரு சொல் உயிரிரசாயனத்தில் உண்டு. உடற்பயிற்சி நிலையத்துப் பொடியன்கள் கிரியற்றீன் மாவைக் கரைத்துக் குடிப்பதே அந்தப் பொருளை உடம்பில் கூட்டத்தான். பெயரைத்தான் பலர் கேள்விப்பட்டதில்லை.

சொல்லின் முன்பாதி பழையது. கிரேக்கர் விடிவெள்ளியை 'ஒளி ஏந்தி' என்ற பொருளில் பொசுபரசு என்றார்கள். 1669இல் ஹம்பேர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சி, இருட்டில் ஒளிரும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். நட்சத்திரத்தின் பெயர் அதற்கு வந்து சேர்ந்தது. 1787இல் லவோசியரும் அவருடைய கூட்டாளிகளும் பாரிசில் இரசாயனப் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது, பொசுபோரிக்கமிலத்தின் உப்புக்குப் பொசுபேற்று என்ற பெயர் நிலைத்தது. எப்பாவலப் பாறையிலும் எங்கள் எலும்பிலும் இருப்பது அதுதான்.

பின்பாதியான 'சன்' தான் சுவையானது. ஐதரசன், ஒட்சிசன், கிளைக்கோசன் எல்லாவற்றிலும் வருவது இந்த ஈறுதான். 'உண்டாக்குவது' என்று பொருள். ஐதரசன் நீரை உண்டாக்குவது. ஒட்சிசன் அமிலத்தை உண்டாக்குவது என்று லவோசியர் நம்பினார். நம்பிக்கை பொய்த்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆகவே பொசுபசன் என்றால் பொசுபேற்றை உண்டாக்குவது, இன்னும் சரியாகச் சொன்னால் விடுவிப்பது.

இந்தப் பெயரை 1927இல் வைத்தவர்கள் பிலிப் எகிள்ற்றன், கிரேஸ் எகிள்ற்றன் என்ற தம்பதியர். தவளைத் தசையில் எளிதில் சிதையும் ஒரு பொசுபரசுச் சேர்வையைக் கண்டார்கள். தசை சுருங்கும்போது அது குறைகிறது, ஓய்வெடுத்தால் மீள்கிறது. அது இன்னதென்று அறியுமுன்னரே, செய்யும் வேலையை வைத்துப் பெயரிட்டார்கள்.

அதே ஆண்டு ஹார்வார்டில் சைரஸ் ஃபிஸ்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும் அது இன்னதென்று காட்டினார்கள். சுப்பாராவ் பீமாவரத்துத் தெலுங்கர், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பொசுபரசை அளக்க இருவரும் 1925இல் வெளியிட்ட முறை எளிமையானது: அமிலத்தோடு மொலிப்தேற்றுச் சேர்த்து, ஒரு தாழ்த்தியை விட்டால் நீல நிறம் வரும், நீலம் எவ்வளவோ, பொசுபேற்றும் அவ்வளவு. தசைச் சாற்றில் மட்டும் நீலம் பிந்திப் பிந்திக் கூடிக்கொண்டே போனது. கைப்பிழை என்று தள்ளிவிட்டிருக்கலாம், அவர்கள் தள்ளவில்லை. பரிசோதனைக் குழாயிலேயே ஏதோ ஒன்று சிதைந்து பொசுபேற்றை விடுவிக்கிறது என்று ஊகித்தார்கள். அதுதான் கிரியற்றீனும் பொசுபேற்றும் சேர்ந்த பொசுபோகிரியற்றீன். அதுவரை பலர் அதைச் சாதாரண அசேதனப் பொசுபேற்றென்றே கணக்கில் எழுதிவந்தார்கள்.

உண்மைப் பெயர் கிடைத்தபின் வேலைப் பெயர் செத்திருக்க வேண்டும். பிழைத்ததற்குக் காரணம் நண்டுச் சாதி. 1928இல் மேயர்ஹோஃபும் லோமனும் அந்த இனத்தின் தசையில் அதே வேலையைச் செய்யும் பொசுபோஆர்ஜினினைக் கண்டார்கள். மண்புழுவில் இருப்பது வேறொன்று. வேலை ஒன்று, ஆட்கள் பலர் என்றானதும் பொசுபசன் ஒரு குடும்பப் பெயராயிற்று.

குழப்பம் இதன் பிறகுதான். 1929இல் லோமனும், தனியே ஃபிஸ்க் சுப்பாராவ் இணையும் அடினோசின் முப்பொசுபேற்றைக் கண்டறிந்தார்கள். தசை நேரடியாகச் செலவிடுவது இதைத்தான். இது தீரத்தீர பொசுபோகிரியற்றீன் தன் பொசுபேற்றைக் கொடுத்து நிரப்புகிறது. கொடுத்து வாங்குவதைச் செய்விப்பது கிரியற்றீன் கைனேசு என்ற நொதியம். முழுவேக ஓட்டத்தில் இந்த இருப்பு சுமார் பத்துச் செக்கனுக்குத் தாங்கும். 2022இல் யுபுன் அபேகோன் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியரானார். அந்த ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு இங்கிருந்து வந்ததுதான்.

விளையாட்டு விஞ்ஞானத்தார் அடினோசின் முப்பொசுபேற்றையும் சேர்த்துப் 'பொசுபசன் தொகுதி' என்கிறார்கள். தொகுதி என்ற அளவில் அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அடினோசின் முப்பொசுபேற்றையே ஒரு பொசுபசன் என்று எழுதுவது பிழை என்பதே என் கட்சி. பொசுபசன் இருப்பில் வைப்பது, மற்றது செலவழிவது. இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் எகிள்ற்றன் தம்பதியர் பெயர் வைத்ததற்கே பொருளில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தர உயிரியல் குறிப்புத் தயாரிக்கும் ஆசிரியர்கள் இதைப் பிரித்தே எழுத வேண்டும்.

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'சி.பி.கே.' என்று பார்த்தால் மிரள வேண்டாம். அது பொசுபசன் அல்ல, மேலே சொன்ன நொதியம். தசை சேதமானால் இரத்தத்தில் ஏறும். கடும் பயிற்சிக்குப் பிறகும் ஏறும். முதல் நாள் பாரம் தூக்கியிருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.