அம்மாவை நான் 'சும்மா இரு' என்ற கதை

2021 மே மாதம். இரண்டாவது அலை. என் தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில் பொம்பளப் புள்ள பிறந்தது. பிரசவத்துக்கு முந்தின நாள் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் தொற்று இருக்கிறது என்று வந்துவிட்டது. பிறந்த சூட்டோடு பிள்ளையை வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "தாய் தொடக் கூடாது, பவுடர் பால் வாங்கிக் குடுங்க" என்றார்கள். ஒன்பது நாள் தங்கச்சி பால் கட்டி, நெஞ்சு கல்லாகி, காய்ச்சலில் கிடந்தாள்.

டின் வாங்க ஓடியது நான்தான். ஊரடங்கில் மருந்துக் கடை மருந்துக் கடையாக அலைந்தேன். "தாயி பால்ல என்னாடி நோவு ஒட்டப் போவுது? புள்ளய அவ மேல போடச் சொல்லு" என்று அம்மா சொன்னபோது, "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரும்மா" என்று வாயை அடைத்தேன். அம்மா 22 வருசமா காலனி பால்வாடியில் உதவியாளர். நான் எம்.ஏ. தமிழ். மேடையில் நம்ம சனங்களின் அறிவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவள். அந்த 'சும்மா இரு' எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேதிகளைப் பாருங்கள். 2020 தொடக்கத்தில் சீனாவில் நோய் கண்ட தாய்மாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைத்தார்கள். புது நோய், ஒன்றும் பிடிபடாத நேரம், அது ஒரு பயம். ஆனால் 2020 மார்ச் 13 அன்றே உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது: தாயையும் பிள்ளையையும் சேர்த்தே வையுங்கள், தாய் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு பால் கொடுக்கட்டும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் ஏப்ரலில் பிரித்து வைக்கச் சொன்னது. ஜூலையில் அதை மாற்றிக்கொண்டது. ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. நோய் கண்ட 46 தாய்மாரின் பாலைச் சோதித்ததில் 43 பேர் பாலில் கிருமியின் தடயமே இல்லை. மூன்று பேர் பாலில் தடயம் இருந்தது. தடயம் என்பது உயிருள்ள கிருமி என்று ஆகாது. ஆகஸ்டில் கலிபோர்னியாவில் 18 பெண்களின் 64 பால் மாதிரிகளைப் பார்த்தார்கள். ஒன்றில் மட்டும் தடயம்; பெருகக்கூடிய கிருமி ஒன்றில்கூட இல்லை. பிறகு நோய் வந்து தேறிய தாயின் பாலில் அந்த நோயை எதிர்க்கும் சத்து இருப்பதையும் கண்டார்கள்.

2021 மார்ச்சில் இன்னொரு கணக்கு வந்தது. எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளைத் தாயின் தோலோடு தோலாக வைத்துப் பால் கொடுத்தால் ஏழை நாடுகளில் 1,25,000 உயிர்களுக்கு மேல் காப்பாற்றலாம்; அப்படி ஒட்டி வைப்பதால் கொரோனா தொற்றிச் சாகக்கூடிய சிசுக்கள் 2,000த்துக்கும் குறைவு. இது வெளிவந்து இரண்டு மாசம் கழித்துத்தான் என் தங்கச்சி மகளைப் பிரித்து வைத்தார்கள்.

அப்படியானால் தெரிந்த ஒன்று ஏன் எங்களிடம் வந்து சேரவில்லை? அந்த நர்ஸம்மாவை நான் குறை சொல்லவில்லை. மூன்று ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்த்தவர் அவர். ஆனால் 'தொடாதே' என்பது மட்டும் எவ்வளவு வேகமாக வந்து சேர்ந்தது! மார்ச் 2020இல் 'சமூக இடைவெளி' என்ற சொல் ஊரெல்லாம் ஒலித்தபோது எங்கள் காலனிக்கு அதில் புதுசாக என்ன இருந்தது? சமூகம் விட்ட இடைவெளியில்தானே நாங்கள் குடியிருக்கிறோம்.

கொள்ளைநோய் எல்லாரையும் ஒன்றாகப் பார்க்கும் என்பது பழைய பொய். 1918 விஷக் காய்ச்சலில் பம்பாய் நகரத்தில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று சாதிவாரியாகக் கணக்கு இருக்கிறது. ஐரோப்பியர் 8.3. சாதி இந்துக்கள் 18.9. 'கீழ்ச்சாதி இந்துக்கள்' என்று எழுதி வைக்கப்பட்ட நம்மவர் 61.6. கிருமி சாதி பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கஞ்சியும் குடிசையும் தண்ணீரும் பார்த்தன.

மறுபடி டின்னுக்கு வருகிறேன். அதன் மேல் 'தாய்ப்பாலே சிறந்தது' என்று எழுதியிருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம். பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதையும், இலவசமாகக் கொடுத்துப் பழக்குவதையும் தடுக்கிற சட்டம் அது. நான் விளம்பரம் பார்த்து வாங்கவில்லை. பயத்தில் வாங்கினேன்.

நானூறு கிராம் டின் ஐந்து நாள்கூட வரவில்லை. மச்சானுக்குக் கட்டட வேலை நின்றுபோய் இரண்டு வாரம். வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடந்தது? மூணு கரண்டி போட வேண்டிய இடத்தில் ரெண்டு. பவுடர் கிருமி நீக்கிய பொருள் அல்ல. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரை மணிக்குள், சூடு 70 டிகிரிக்குக் குறையும் முன்னே கலக்க வேண்டும், பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பொதுக் குழாய்த் தண்ணி, விறகடுப்பு, வெதுவெதுப்பா ஆக்கினால் போதும் என்று நினைத்தோம். பதினோராம் நாள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. கொரோனாவுக்குப் பயந்து பிரித்து வைத்த பிள்ளையை ஒரு பாட்டில் கொல்லப் பார்த்தது. ஆட்டோ கிடைத்து, ஆஸ்பத்திரி போய், தப்பித்தது.

திரும்பி வந்ததும் அம்மா யாரையும் கேட்கவில்லை. பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். பரணில் கிடந்த சங்கை எடுத்து வேக வைத்துக் கழுவினாள். பிள்ளையை மணிக்கு ஒருதரம் தங்கச்சி மாரில் போட்டாள். பால் இல்லாவிட்டாலும் சப்பட்டும் என்றாள். "புள்ள இழுத்தாத்தான் பாலு ஊறும், மாடு கன்னுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலயா?" தங்கச்சி அழுவாள். அம்மா முதுகை நீவி விடுவாள். முதலில் சொட்டுதான். வருவதைப் பீய்ச்சிச் சங்கில் புகட்டினாள், மீதிக்குப் பவுடர், சரியான அளவில். பதினாறாம் நாள் பவுடர் நின்றது. இப்படிப் பாலை மீட்பதையும், பாட்டிலை விடக் கிண்ணமோ சங்கோ மேல் என்பதையும் மருத்துவப் புத்தகங்களும் சொல்கின்றன. நான் அப்புறம்தான் படித்தேன்.

மூத்த பையனுக்கு அப்போ மூணு வயசு. 2020 மார்ச்சில் பூட்டிய பால்வாடி. வெளிமாநிலங்களிலும் இதே கதைதான். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 13 அன்று, நோய் பரவிய பகுதிகள் தவிர மற்ற இடங்களில் திறப்பது பற்றி மாத முடிவுக்குள் முடிவெடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. இங்கே சத்துமாவும் உலர் பொருளும் வீட்டுக்கே வந்தன. வந்தன என்றால், அம்மா தலையில் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தாள். ஊர்த்தெருவில் "அங்கயே வச்சுட்டுப் போ" என்பார்கள். அம்மா சமைத்ததை அந்தத் தெருப் பிள்ளைகள் சாப்பிட்டதே குறைவு. இப்போது சமைக்காத மாவு என்பதால் வாங்கிக்கொண்டார்கள். காலனியிலோ ஒரு பிள்ளைக்கு வந்த மாவு மொத்தக் குடும்பத்துக்கும் கஞ்சியானது. பால்வாடியில் உட்கார்ந்து தின்றால் பிள்ளை வயிற்றுக்குப் போகும். வீட்டுக்கு வந்தால் பசிக்கிற எல்லார் வயிற்றுக்கும் போகும். இதை யார் மீது குற்றமாகச் சொல்வது?

2022இல் காலனிப் பெண்கள் பத்துப் பேர் உட்கார்ந்து ஒரு அரைப்பக்கத் தாள் தயாரித்தோம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். காய்ச்சலோ கொரோனாவோ வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தாதே, முகத்தை மூடிக்கோ, கையைக் கழுவு; தூக்கவே முடியாத அளவு நோவு என்றால் பீய்ச்சிச் சங்கில் கொடு; பவுடர்தான் வழி என்றால் கொதித்த தண்ணி, முழு அளவு; ஆறு மாசத்துக்குப் பிறகு கஞ்சியோடு முட்டை, பருப்பு, கீரை; பிள்ளை பங்கை முதலில் எடுத்து வை. எழுத்துப் பிழையைத் திருத்தப் பார்த்தேன். 'நோவு' என்பதை 'நோய்' என்று மாற்றினேன். அம்மா மறுபடி 'நோவு' என்றே போடச் சொன்னாள். போட்டேன். பால்வாடிச் சுவரில் ஒட்டினோம். தடுப்பூசி போட வந்த நர்ஸ் படித்துவிட்டு, பக்கத்து ஊருக்கு ஒட்ட இன்னும் இரண்டு தாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.