தூத்துக்குடி: அரசு முதலீடும் கடற்கரை மக்களும்

மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள தூத்துக்குடி, அரசின் பணமும் கொள்கையும் ஒரு வட்டாரத்து மக்களின் வாழ்வை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பல நூற்றாண்டுகளுக்குத் தொடர்ந்து பார்க்க இடம் தரும் ஊர். முத்துக்குளிப்பு, இருப்புப்பாதை, ஆழ்கடல் துறைமுகம், அனல்மின் நிலையம், தொழிற்பேட்டை, கடல்வாழ் உயிரினப் பூங்கா என ஒன்றன்பின் ஒன்றாக இங்கு வந்த ஒவ்வொன்றிலும் அரசு உரிமையாளராகவோ அனுமதி வழங்குபவராகவோ இருந்திருக்கிறது. இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. செலவிட்ட தொகையின் அளவைவிட, அதனால் வரும் ஆதாயத்தையும் சுமையையும் யார், எந்த விகிதத்தில் ஏற்பது என்று முன்கூட்டியே வகுத்த விதிதான் உள்ளூர் மக்களின் நிலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பழைய முத்துச் சலாபத்தில் (அரசு அறிவித்து நடத்திய முத்துக்குளிப்பில்), குறைகளோடுதான் என்றாலும், அப்படியொரு விதி இருந்தது. அதைவிடப் பன்மடங்கு பெரிய முதலீடான துறைமுகத்தில் அது இன்றுவரை இல்லை.

சலாபத்தின் பங்கு முறை

கொற்கை பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய காலம் முதல், இக்கடலின் சிப்பிப் பார்கள் (சிப்பி வளரும் கடலடித் திட்டுகள்) மீதான உரிமையை ஆண்டவர் எவரும் விட்டுக்கொடுத்ததில்லை. 1530களில் இக்கரையின் மீனவச் சமூகமான பரதவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைப் பெற்றனர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. 1825இல் ஆங்கிலேயரிடம் நிலையாக வந்து சேர்ந்தது. ஆட்சி மாறியபோதெல்லாம் பேரம் மட்டும் ஒரே பொருளைச் சுற்றியே நடந்தது: மதுரை நாயக்கர், ஐரோப்பியக் கம்பெனி, பரதவரின் சாதித் தலைவர் ஆகியோரில் யாருக்கு எத்தனை ‘கல்’ வரியின்றிக் கிடைக்கும் என்பதே அது. குளியாளி கடலடிக்கு விரைந்து இறங்கத் துணை செய்யும் எடைக்கல்லே பங்கை அளக்கும் அலகாகவும் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் அரசே பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்த ஆண்டில் மட்டும் சலாபம் அறிவித்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மீதி ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு கரையிலேயே ஏலம் போனது.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று கொண்டாட முடியாது. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனைவிடக் கரையில் நின்ற அரசுக்கு இரு மடங்கு கிடைத்தது. குளியாளியின் ஒரு பங்கும் படகு உரிமையாளர், கயிறு பிடிப்பவர் என்று பிரிந்தது. சலாபமே நடக்காமல் பல ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கழிந்ததும் உண்டு. ஆனாலும் அதில் ஒரு சிறப்பு இருந்தது: விளைச்சல் பெருகினால் குளித்தவரின் வரவும் அதே விகிதத்தில் பெருகும், யாருடைய தயவையும் நாட வேண்டியதில்லை. விடுதலைக்குப் பின் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களே கடைசி. அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு தேறவில்லை. புதிய துறைமுகம்தான் முத்தை அழித்தது என்று சொல்லப்படுவது காலவரிசைக்குப் பொருந்தாது. துறைமுகப் பணி 1964இல்தான் தொடங்கியது. நீரோட்டம், மணல் மூடுதல், சிப்பியைத் தின்னும் மீன்கள், மனிதர் அள்ளிய அளவு எனப் பல காரணங்கள் ஆய்வாளர்களால் சுட்டப்பட்டுள்ளன. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி இந்தக் கரையிலேயே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். அறிவியலில் அது பெரிய வெற்றி. ஆனால் குளியாளிக் குடும்பங்களுக்கு அது பரவலான பிழைப்பாக மாறவில்லை.

நங்கூரத்துறையிலிருந்து ஆழ்கடல் துறைமுகம்

தூத்துக்குடிக் கரையோரக் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, சரக்கைத் தோணிகள் சுமந்து வந்தன. 1876இல் இருப்புப்பாதை வந்ததும் திருநெல்வேலிச் சீமையின் பருத்தி இத்துறைக்குக் குவிந்தது; 1888இல் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் எழுந்தது. ரயிலும் துறையும் சட்டப்படி எல்லாருக்கும் பொதுவானவைதான். ஆனால் வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி அதே துறையிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, போட்டியாளரான பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. நிர்வாகமும் அதன் பக்கமே நின்றது. 1908இல் கோரல் மில் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்ததும் இதே பின்னணியில்தான். கட்டுமானம் பொதுவாக இருப்பதால் மட்டும் அதன் பயன் பொதுவாகிவிடாது என்பதற்கு இவை முந்தைய சான்றுகள்.

ஆழமான துறைமுகம் வேண்டும் என்ற கோரிக்கை பல குழுக்களைக் கடந்து, 1955இல் ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைக்குப் பிறகே உருப்பெற்றது. கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளும் இரு அலைதடுப்புச் சுவர்களைப் பாறைகளால் எழுப்பி, நடுவில் அமைதியான நீர்ப்பரப்பை உருவாக்கினர். 1974 ஜூலை 11 அன்று இது நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979 ஏப்ரல் 1இல் பழைய துறையும் புதியதும் ஒரே பொறுப்புக் கழகத்தின்கீழ் வந்தன. 2011 முதல் வ.உ.சி.யின் பெயரைத் தாங்கும் இத்துறைமுகம் இன்று ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாள்கிறது. தோணிகள் மறைந்துவிடவில்லை, மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் கொண்டு போகின்றன. ஆனால் சரக்குப் பெட்டகமும் பாரந்தூக்கியும் வந்த துறையில், ஒரு டன்னுக்குத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை முன்போல் இருக்க முடியாது.

பரவும் ஆதாயம், தங்கும் சுமை

இத்துறைமுகத்தின் ஆதாயம் மாவட்ட எல்லையைத் தாண்டிப் பாய்கிறது. திருப்பூரின் பின்னலாடையும் கரூரின் வீட்டுத் துணிவகையும் இங்கிருந்து கப்பலேறுகின்றன. கிழக்கிந்தியச் சுரங்க நிலக்கரி கடல்வழியாக வந்திறங்கி, 1979க்கும் 1991க்கும் இடையில் ஐந்து அலகுகளாக எழுந்த 1,050 மெகாவாட் அனல்மின் நிலையத்தை எரியூட்டியது; அந்த மின்சாரம் மாநிலம் முழுவதற்கும் போனது. இங்குள்ள ஸ்பிக் ஆலையின் உரம் பல மாவட்ட வயல்களுக்குச் சென்றது. இவை எல்லாம் மாநில மக்களுக்கு உண்மையான நன்மைகள். சுமையோ அப்படிப் பரவுவதில்லை. கட்டிய இடத்திலேயே தங்கிவிடுகிறது. நிலக்கரித் தூசி, அனல் சாம்பல், கடலில் கலக்கும் சூடேறிய நீர், ஆலைகளோடு ஆற்றுநீருக்கான போட்டி ஆகியவற்றை ஏற்பவை கரையோரத் தெருக்களும் தாமிரபரணிப் பாசனக் கடைமடை ஊர்களும்தான். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து நாளொன்றுக்கு 20 மில்லியன் கேலன் நீரை ஆலைகளுக்குக் கொண்டு செல்லும் திட்டம் உழவருக்கும் தொழில்துறைக்கும் இடையே நீண்ட வழக்காக மாறியது இதனால்தான்.

ஆதாயமும் சுமையும் இப்படிப் பிரிந்து நிற்பதற்கு அதிகாரப் பகிர்வும் ஒரு காரணம். அரசமைப்பின்படி பெருந்துறைமுகம் ஒன்றிய அரசின் பொறுப்பு. கரையோர மீன்வளம் மாநில அரசுடையது. குப்பையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியின் தலையில். 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக அதிகார அமைப்புகள் சட்டம் வகுத்த வாரியத்தில் மாநில அரசுக்கு ஓர் இடமும் பணியாளர் தரப்புக்கு இரண்டு இடங்களும் உண்டு. மீனவருக்கோ நகராட்சி மன்றத்துக்கோ தனி இடம் கிடையாது. சுற்றுவட்டார மக்களுக்குப் பயன்படும் பணிகளுக்கு வாரியம் நிதி செலவிட அச்சட்டம் இடம் தருகிறது. எவ்வளவு, யாருக்கு என்பதை வாரியத்தின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியின் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. அவ்வளவு மழையை எந்த ஊரின் வடிகாலும் தாங்காது என்பது சரியே. ஆயினும் சரக்கு வெளியேறும் நான்குவழிச் சாலைக்கும், வெள்ளம் வெளியேறும் பக்கிள் ஓடைக்கும் கிடைத்த கவனம் சமமானது என்று யாரும் வாதிட முடியாது.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, துறைமுகம் வராதிருந்தால் தூத்துக்குடி இன்னும் ஏழ்மையில்தான் இருந்திருக்கும் என்பது. இதை மறுக்கத் தேவையில்லை. சரக்குந்து ஓட்டுநர், சுங்க முகவர், கிடங்குத் தொழிலாளி, கப்பல் பணியாளர் என்று பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. 1986இல் தனி மாவட்டம் அமைந்ததிலும் 2008இல் நகரம் மாநகராட்சியாக உயர்ந்ததிலும் அந்த வளர்ச்சிக்குப் பங்கு உண்டு. ஆனால் மொத்தத்தில் நன்மை மிகுதி என்று காட்டுவது, இழந்தவருக்கு ஈடு கிடைத்தது என்று காட்டுவதாகாது. மீன்பாட்டை இழந்த நாட்டுப்படகுக்காரருக்குப் பெட்டக முனையத்தில் வேலை தானாக வந்துவிடுவதில்லை. அவர் கற்ற தொழில் வேறு.

இரண்டாவது மறுப்பு போட்டி பற்றியது. இந்தியப் பெட்டகங்களில் கணிசமான பகுதி கொழும்பில் கப்பல் மாறுகிறது. இந்நிலையில் உள்ளூர் மக்களுக்கென்று கட்டாயப் பங்கை ஒதுக்கினால் கட்டணம் ஏறி, இருக்கும் சரக்கும் போய்விடும் என்கின்றனர். இது எடைபோட வேண்டிய அச்சம். எனினும் ஒதுக்காமல் விட்ட செலவு மறைந்துவிடுவதில்லை, வேறு கணக்கில் திரும்பி வருகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தனர். விலாங்குச்சல்லித் தீவு நீரில் மூழ்கியது. வான் தீவு சுருங்கியது. அதைக் காப்பாற்ற 2015 முதல் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கும் செலவு அரசுக் கருவூலத்திலிருந்தே போகிறது. இன்னும் கசப்பான சான்று ஸ்டெர்லைட். ஆண்டுக்கு 4 இலட்சம் டன் திறன் கொண்ட அந்தத் தாமிர உருக்காலை மாசு பற்றிய முறையீடுகளுக்கிடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது. 2018 மே 22இல் எதிர்ப்புப் பேரணியின்போது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தனர். ஆறே நாளில் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. உயிர்களும் போயின, முதலீடும் முடங்கியது, ஒப்பந்தத் தொழிலாளரும் வேலையிழந்தனர். குறையைக் கேட்டுத் தீர்க்கும் நம்பகமான ஏற்பாடு இல்லாத இடத்தில் முதலீட்டுக்கும் பாதுகாப்பில்லை.

மூன்றாவது, பாதிக்கப்பட்டவர் யார் என்பதை வரையறுக்கவே முடியாது என்பது. கடற்கரை ஒரே குரலில் பேசுவதில்லை என்பது உண்மை. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையிலான மோதலால்தான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை விசைப்படகுகளுக்குத் தடை விதித்தது. ஆனால் அச்சட்டமே இந்த மறுப்புக்கு விடையாகிறது: நலன்கள் மோதும் இடத்திலும் எல்லைக்கோடு வரையலாம், படகைப் பதியலாம், ஆளை அடையாளம் காணலாம். மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளருக்கு மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியபோதும் பயனாளிகளைப் பட்டியலிட முடிந்தது.

எழுத வேண்டிய விதி

பங்கு விதி புதுமையான யோசனை அல்ல. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருவாயின் ஒரு பகுதியை 1976இல் நிரந்தர நிதியாக்கி, 1982 முதல் குடியிருப்போருக்கு ஆண்டுதோறும் பிரித்தளிக்கிறது. இந்தியாவிலேயே 2015இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம், சுரங்கக் குத்தகையாளர் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையோடு குறிப்பிட்ட விகிதத்தை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் கட்ட வேண்டும் என்கிறது. அந்த நிதி பாதிக்கப்பட்ட ஊர்களுக்குப் போகாமல் வேறு பணிகளுக்குத் திரும்பிய புகார்கள் பல உண்டு. ஆகவே நிதி மட்டும் போதாது, அதைச் செலவிடும் குழுவில் பாதிக்கப்பட்டோரும் உட்கார வேண்டும். நிலத்தைத் தோண்டுவோருக்குப் பொருந்தும் இந்த நியாயம், கடலை ஆழப்படுத்துவோருக்கு மட்டும் பொருந்தாது என்பதற்குக் காரணம் காண்பது கடினம்.

இது காலம் கடந்த கேள்வியும் அல்ல. சுமார் 7,000 கோடி ரூபாய் மதிப்பிலான வெளித்துறைமுகப் பெட்டக முனையத்துக்கு 2024 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதே மாதம் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கும் மின்வாகன ஆலைக்கும் கால்கோள் நடந்தது. சுவர் எழுந்த பிறகு பங்கு கேட்பவர் போராட்டக்காரர் ஆகிறார். சுவர் எழும் முன் கேட்பவர் தரப்பினர் ஆகிறார். ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு என்ற சிறு ஒதுக்கீடு, அதைச் செலவிட மீனவர், உப்பளத் தொழிலாளர், மாநகராட்சி ஆகியோர் இடம்பெறும் குழு, மீன்பாட்டையும் காற்றையும் நீரையும் அளந்து ஆண்டுதோறும் வெளியிடும் கடமை ஆகிய மூன்றையும் திட்ட அனுமதியிலேயே எழுதிவிட்டால், முனையம் வளர வளரக் கரையின் வரவும் வளரும்.