டெசிபலும் ஒலிச்செறிவும்

ஒலிச்செறிவு என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பை ஒரு நொடியில் கடக்கும் ஒலி ஆற்றல். அதன் அலகு சதுர மீட்டருக்கு வாட். டெசிபல் அப்படிப்பட்ட அளவன்று, ஒரு விகிதத்தின் மடக்கை. காது கேட்கத் தொடங்கும் செறிவு, ஒரு வாட்டில் ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதுவே 0 டெசிபல். அங்கிருந்து ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் செறிவு பத்து மடங்காகிறது. 3 டெசிபல் கூடினாலே ஏறக்குறைய இரட்டிப்பு. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55, தொழிற்பகுதிக்கு 75 டெசிபல் என வரம்பிடுகின்றன. எண்ணில் வேறுபாடு இருபதுதான். செறிவிலோ நூறு மடங்கு. ஆகவே டெசிபலைச் சாதாரண எண்ணைப்போல் கூட்டிக் கழிப்பது பெரும்பிழை: ஒரே அளவில் ஒலிக்கும் இரண்டு 80 டெசிபல் இயந்திரங்கள் சேர்ந்து தருவது 160 அல்ல, 83.

பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத்தானே கேட்கிறது, பிறகு செறிவைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். கேட்கும் உணர்வைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. ஆனால் உட்செவியின் மயிர்செல்களைச் சிதைப்பது உணர்வன்று, சேரும் ஆற்றல். அதனால்தான் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவனம் 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரமும், 88-க்கு நான்கு மணி நேரமும் மட்டுமே பரிந்துரைக்கிறது.